சங்கம் வைத்ததால் வேலைநீக்கம்: வெளிநாட்டு ஆலைத் தொழிலாளர்களுக்காக யாருக்கு எழுதுவது?

கேள்வி: ஆடை ஆலை ஒன்று சங்கம் அமைத்தவர்களை வெளியேற்றிவிட்டது. இங்கிருந்தபடி என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் அந்தச் சங்கத்தின் சம்மதம். பேச்சுவார்த்தை நடக்கும்போது வெளியாள் சத்தம் போட்டால் காரியம் கெடும். அடுத்து, சரக்கு வாங்கும் பிராண்டைப் பிடியுங்கள். பல பிராண்டுகள் சப்ளையர் பட்டியலை வெளியிடுகின்றன. ஆலையின் பெயரோடு முகவரியும் பொருந்த வேண்டும். அங்கே தைத்த லேபிளின் படம் இருந்தால் மறுப்பது கடினம்.

பதில் 2: பிராண்டுக்கு "நியாயம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அனுதாபக் கடிதம்தான் வரும். பழைய வேலை, பணிமூப்பு, நிலுவைச் சம்பளம், கெடு தேதி என்று கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் 87, 98 உடன்படிக்கைகளை (சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை) சுட்டுங்கள். ஆர்டரை நிறுத்தச் சொல்லாதீர்கள், மிச்சப்பேர் வேலையும் போகும். ராஜினாமா என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? அதைத்தான் ஆலை முதலில் நீட்டும்.

பதில் 3: பிராண்டின் தலைமையகம் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு) நாட்டிலா? நிறுவனங்களின் நடத்தை பற்றிய புகார்களைக் கேட்க அந்நாட்டு அரசு வைத்திருக்கும் தேசியத் தொடர்பு மையத்தில் புகார் தரலாம். ஆனால் அது சமரசம்தான், தீர்ப்பல்ல, இழுக்கும்.