வயது கூடியும் கதாபாத்திரம் மாறாதது ஏன்?

கேள்வி:
மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை நாமே நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டான தி சிம்ஸ் 4இல் பதின்ம வயதினரும் இளைஞரும் நடுவயதினரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே நடையில் உலவுவதால், பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைத்த பின்பும் எதுவும் மாறியதாகத் தோன்றுவதில்லை. இவ்வகையில் சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்கிவரும் நான், உடல் தோற்றத்தைத் தவிர வேறு எதை மாற்றலாம்?

மறுமொழி 1:
ஒவ்வொரு பருவத்திலும் கதாபாத்திரத்தால் எதைச் செய்ய இயலாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2014இல் வெளியானபோது அவ்விளையாட்டில் நடைபயிலும் குழந்தைப் பருவமே இல்லை. 2017 ஜனவரியில் சேர்க்கப்பட்ட அப்பருவம் இன்றும் தனித்துத் தெரிவதற்குக் காரணம், அக்குழந்தைகள் பெரியவர்களைச் சார்ந்தே வாழ்வதும், பேச்சு, அசைவு, கற்பனை எனத் தமக்கேயுரிய திறன்களைக் கற்பதும், நன்கு கற்றால் அது பிற்காலத்திலும் நிலைக்கும் பண்பாக மாறுவதுமே ஆகும். (கழிவறைப் பழக்கத்தைக் கற்பிப்பதற்குள் என் பொறுமை தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.)

மறுமொழி 2:
முதுமைக்கு இது பொருந்தாது. இயலாமையை மட்டும் கூட்டினால் முதுமை வெறும் தண்டனையாகிவிடும். 2004இல் வந்த தி சிம்ஸ் 2 விளையாட்டு, முதல் முத்தத்தையும் நெருங்கியவரின் மரணத்தையும் நினைவுகளாகச் சேமித்து வைத்தது. அத்தகைய நினைவுகளே முதியவரின் உரையாடலையும் விருப்பங்களையும் தீர்மானிக்குமாறு அமைத்தால், ஒரே வயதுடைய இருவர்கூட வேறுபட்டுத் தெரிவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நினைவுப் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். நரைமுடி பிறகு வரட்டும்.