ராஸ்பெரி பை 4-ஐ ரவுட்டராக்கிப் போக்குவரத்தைக் கண்காணிக்க இயலுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் சிறு அலுவலகத்தில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு உள்ளது. மாலையில் அது திணறும்போது எந்தக் கருவி அதிகம் இழுக்கிறது என்று அறிய வழியில்லை. கைவசம் உள்ள ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியை சுவிட்சில் செருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டிப் பார்த்தேன். அதன் சொந்தப் போக்குவரத்தும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பப்படும் சில பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளும் மட்டுமே தெரிந்தன. ஒரே ஈதர்நெட் போர்ட் உள்ள இதை ரவுட்டராக்க முடியுமா?

பதில் 1

சுவிட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் உரிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புவதால், ஓரமாக நிற்கும் பைக்கு மற்றவர்களின் போக்குவரத்து தெரியாது. அது பாதையின் நடுவில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு நகல் வர வேண்டும். நடுவில் வைப்பதானால், ஆர்டிஎல்8153 சிப் உள்ள கிகாபிட் அடாப்டரை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகி, ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியை நிறுவுங்கள். (இந்தச் சிப்புக்கான டிரைவர் தொகுப்பின் பெயரில் 8152 என்றிருக்கும், தேடும்போது குழம்ப வேண்டாம்.) முந்தைய பை 3பி+ மாடலின் ஈதர்நெட் யுஎஸ்பி 2.0 வழியாகச் செல்வதால் ஏறத்தாழ 300 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பை 4-இல் அந்தத் தடை இல்லை.

பதில் 2

அடாப்டர் இல்லாமலும் முடியும். விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும்) வசதியுள்ள, அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால், வெளி இணைப்பையும் உள் வலையமைப்பையும் இரு விலான்களாக்கி ஒரே கேபிளில் கொண்டுவரலாம். பதிவிறக்கமும் பதிவேற்றமும் அந்த ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொண்டாலும், உங்கள் வேகத்துக்கு அது தாராளம்.

ஆயினும், கண்காணிப்பு மட்டுமே நோக்கமென்றால் பையைப் பாதையில் வைக்கவே மாட்டேன். அதன் எஸ்டி கார்டு பழுதானால் அலுவலகம் முழுவதும் இணையம் நின்றுவிடும். அதே சுவிட்சில் மிரர் போர்ட் (வேறொரு போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) அமைத்து, ரவுட்டரை நோக்கிய போர்ட்டின் நகலைப் பைக்கு அனுப்புங்கள். ரவுட்டருக்கு வெளிப்புறம் நகலெடுத்தால், உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் நேட் முடிந்திருக்கும். எல்லாக் கருவிகளும் ஒரே பொது முகவரியாகத் தோன்றும்.

கேட்டவர்

நன்றி. எங்கள் வைஃபை, ரவுட்டர் பெட்டியிலிருந்தே வருகிறது. கைபேசிகளும் மிரரில் தெரியுமா?

பதில் 2

தெரியாது, அவற்றின் பாக்கெட்டுகள் சுவிட்சைத் தொடுவதே இல்லை. எனவே உங்கள் நிலையில் பதில் 1 சொன்னதே பொருத்தம். பழைய ரவுட்டர் பெட்டியில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதியை) நிறுத்தி, அதன் லேன் போர்ட்டை சுவிட்சுடன் இணைத்து, வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பாயின்டாக வைத்துக்கொள்ளுங்கள். பையின் ஒற்றை ஆன்டெனா வைஃபை அலுவலகத்துக்குப் போதாது.

பதில் 1

பிறகு பயன்பாட்டை அளக்கும் என்எல்பிடபிள்யூமான் தொகுப்பை அதன் லூசி செருகியுடன் நிறுவினால், எந்தக் கருவி எவ்வளவு பயன்படுத்தியது என்பதை ஓப்பன்டபிள்யூஆர்டியின் நிர்வாக வலைப்பக்கமான லூசியிலேயே காணலாம். ஹெச்டிடிபிஎஸ் இணைப்புகளின் உள்ளடக்கம் தெரியாது. கருவிவாரியான அளவும் நெறிமுறை வகையுமே தெரியும், உங்கள் தேவைக்கு அதுவே போதும். அதன் தரவுத்தளம் இயல்பாக ராமில் இருப்பதால் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். அதைச் சேமிக்க விரும்பினால், எஸ்டி கார்டில் அடிக்கடி எழுதவிடாமல் யுஎஸ்பி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.