மறுமொழி: ‘டிஜிட்டல் ரூட்’: இலக்க மூலமா, சுண்டெண்ணா?

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை திரும்பத் திரும்பக் கூட்டினால் கிடைப்பதுதான் ‘டிஜிட்டல் ரூட்’. அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இழையை நேற்றிரவுதான் முழுக்கப் படித்தேன். கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போகும், கூடவே இணையமும் போகும்.

> ‘இலக்க மூலம்’ என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துவதுதான் சிக்கல் ஐயா. வர்க்கமூலம், கனமூலம் படித்த பிள்ளை இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டு, எதை எதால் பெருக்க வேண்டும் என்று தேட ஆரம்பிக்கும். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் வேறு காத்திருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பையன்கள் ‘மூலம்’ என்றதும் எதற்குச் சிரிப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ‘கூட்டெண்’ணும் வேண்டாம், எண் சோதிடக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். “8 வந்தா கெட்டதா டீச்சர்?” என்று என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள்.

என் பரிந்துரை ‘சுண்டெண்’. இது நான் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை. ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் 199 எழுதி, இலக்கங்களைக் கூட்டச் சொன்னேன். 19 வந்ததும் ஒரு பையன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “இன்னும் சுண்டல டீச்சர், ரெண்டு இலக்கம் நிக்குது” என்றாள். 19 பத்தானது, 10 ஒன்றானது. “இப்ப சுண்டிருச்சு.” அடுப்பில் பால் வைத்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

இலக்கணமும் இடிக்கவில்லை. பகு எண் போல இதுவும் வினைத்தொகை. சுண்டு, எண் இரண்டும் சேர்ந்தால் உகரம் கெட்டுச் சுண்டெண். கிளைச்சொல்லும் தானாகவே முளைத்தது. எத்தனை முறை கூட்ட வேண்டியிருக்கிறதோ அத்தனை ‘கொதி’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். 199 மூன்று கொதி எண். மூன்று கொதி கேட்கும் எண்களில் அதுதான் மிகச் சிறியது. நாலு கொதிக்கு? 1 போட்டுப் பின்னால் 22 ஒன்பதுகள். இதைக் கண்டுபிடிக்க வைத்தால் ஒரு பீரியடு போவதே தெரியாது.

> ஒன்பதால் வகுத்த மீதிதானே இது? ‘ஒன்பதின் மீதி’ என்றால் போதாதா?

கிட்டத்தட்ட அதேதான். 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால்தான் இலக்கங்களைக் கூட்டினால் போதுமாகிறது. ஆனால் 18-ஐ வகுத்தால் மீதி 0, சுண்டினால் 9. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தேர்வில் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

அழகும் அந்த 9-இல்தான் இருக்கிறது. 4-ஆம் வாய்ப்பாட்டைச் சுண்டிப் பாருங்கள்: 4, 8, 3, 7, 2, 6, 1, 5, 9. இனி 5-ஆம் வாய்ப்பாடு: 5, 1, 6, 2, 7, 3, 8, 4, 9. கடைசி 9-ஐ விட்டுவிட்டால் ஒன்று மற்றொன்றைப் பின்னாலிருந்து படித்தது. வட்டத்தில் ஒன்பது புள்ளி வைத்து, வந்த வரிசைப்படி கோடு இழுத்தால் இரண்டுக்கும் ஒரே நட்சத்திரக் கோலம். கை சுற்றும் திசைதான் வேறு. வர்க்க எண்கள் எல்லாம் 1, 4, 7, 9 என்ற நான்கில்தான் சுண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள், அவர்களே பிடிப்பார்கள்.

ஒரு பிள்ளை அம்மாவின் தேயிலைக் கொழுந்து எடைச் சீட்டைக் கொண்டுவந்தாள். 23, 31, 27; மொத்தம் 81 கிலோ. 5, 4, 9 கூட்டி 18, அது சுண்டி 9, 81-உம் 9. சரிபார்த்துவிட்டதாகக் குதித்தாள். 81-ஐ 18 என்று மாற்றி எழுதியிருந்தாலும் 9-தானே வந்திருக்கும் என்றதும் முகம் விழுந்துவிட்டது. பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு. பொருந்திவிட்டால் சரி என்று சொல்ல முடியாது. கலைச்சொல் பதிவில் விளக்கம் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துவிடுங்கள்.

> இலங்கை வழக்கையும் பார்க்க வேண்டாமா?

பார்க்கத்தான் வேண்டும். 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. நாம் பகா எண் என்பதை ‘முதன்மை எண்’ என்று சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் சுண்டெண் என்று சொல்லிப் பார்த்தேன். “பாலா, கறியா?” என்று மட்டும் கேட்டார். எதிர்ப்பு இல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்குறிப்பு: கூட்டுவதற்குப் பதில் பெருக்கினால்? 77, 49, 36, 18, 8. நாலு கொதி. இப்படிச் சுண்டுவதற்குத் தனிப்பெயர் வேண்டுமென்று அதே பின் பெஞ்சுப் பெண் கேட்கிறாள். என்னிடம் இல்லை. யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.