மொன்செராட் எரிமலை ஆய்வகம் எதைக் கண்காணிக்கிறது?

கேள்வி (பாளையங்கோட்டை ஆசிரியை):
கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் தீவின் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலையில் 2010 பிப்ரவரிக்குப் பிறகு குழம்பு வெளிவரவில்லை என்று வகுப்பில் சொன்னேன். அப்படியானால் அங்கே ஆய்வகம் இன்னும் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். அண்ணாச்சிமார் யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி (தென்காசி வாசகர்):
நல்ல கேள்வி, டீச்சர். குழம்பு நின்றாலும் மலை ஓயவில்லை. அடியில் பாறை விரிசல் விடும் சிறு அதிர்வுகளை நிலநடுக்கமானிகளும், தரை மில்லிமீட்டர் கணக்கில் உயர்வதை ஜிபிஎஸ் கருவிகளும், புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை நிறமாலைமானிகளும் தொடர்ந்து அளக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். 1997இல் மலைமுகட்டருகே இருந்த சாய்வுமானிகள், தரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பி அமிழ்வதைக் காட்டின. உப்பல் உச்சத்தை எட்டி அமிழத் தொடங்கும் வேளையில்தான் வெடிப்புகளும், சூடான வாயுவும் சாம்பலும் பாறைத்துண்டுகளும் சேர்ந்து மலைச்சரிவில் பாயும் கனல்மேகச் சரிவுகளும் பெரும்பாலும் நேர்ந்தன. என் பார்வையில் அந்த ஆய்வகத்தின் மிகச் சிறந்த கண்டறிதல் அதுவே.

மறுமொழி (நாங்குநேரி விவசாயி):
கருவி சொன்னால் மட்டும் போதாது. 1997 ஜூன் 25 அன்று அந்த மலையின் கனல்மேகச் சரிவில் இறந்த 19 பேரும் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த பகுதியில் இருந்தவர்கள். சிலர் தங்கள் பயிரைப் பார்க்கத் திரும்பியிருந்தார்கள். நிலம் வைத்திருப்பவனுக்கு அது புரியும்.

மறுமொழி (திருநெல்வேலி, இயற்பியல் மாணவர்):
நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உள்ளது. எரிமலைக்கானது அன்று, புவிகாந்தத்தையும் மேல்வளிமண்டலத்தையும் ஆராய்கிறது. ஆனாலும் 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவுநாடான டோங்காவின் எரிமலை வெடிப்பின் அழுத்த அலை உலகையே சுற்றிவந்து, மேல்வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனிமண்டலத்தைக் கலக்கியது. முன்அனுமதி பெற்று மாணவிகளை அங்கே அழைத்துச் செல்லலாம்.