நூலகப் பட்டியலில் ஏரிப் பாசன நூல்களைத் தேட வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தையும், ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து முறையையும் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தின் இணையவழிப் பட்டியல் ‘கோஹா’ மென்பொருளில் இயங்குகிறது. அதில் ‘பாசனம்’ என்று தமிழில் தட்டினால் எதுவும் வருவதில்லை. ஆனால், அச்சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய நூல்கள் அடுக்கில் இருக்கின்றன. பழைய தமிழ் நூல்களின் விவரங்களை ரோமன் எழுத்தில் பதிந்திருப்பதே காரணம். அதிலும் சகரத்தை ஒரு பதிவில் ‘எஸ்’ என்றும் இன்னொன்றில் ‘சி’ என்றும் எழுதியிருப்பதால், சொல்லின் இறுதியில், அதற்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் ஏற்கும் நட்சத்திரக் குறி (*) இட்டுத் தேடியும் பயனில்லை, ஏனெனில் வேறுபாடு சொல்லின் நடுவில் இருக்கிறது. போதாக்குறைக்கு, வடமாவட்டங்களைப் பற்றிய நூல்கள் ‘ஏரி’ என்று குறிப்பதை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து நூல்கள் ‘கண்மாய்’ என்கின்றன.

கிடைத்த ஒரு நூலின் பதிவைத் திறந்து, அதிலுள்ள பொருள் தலைப்பை (நூல் எதைப் பற்றியது என்று நூலகத்தார் இடும் குறிப்பை) சொடுக்கியபோதுதான் தொடர்புடைய வேறு சில நூல்கள் கண்ணில் பட்டன. குறிச்சொல்லை விட இது நம்பகமாகத் தோன்றுகிறது, ஆனால் பொருள் தலைப்பே இடப்படாத பதிவுகளும் உள்ளன.

இத்தனை எழுத்து வேறுபாடுகளையும் ‘அல்லது’ என்னும் இணைப்பால் ஒரே தேடலில் அடக்குவது எப்படி என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். தமிழ்நாட்டு வரலாற்றுக்குரிய 954.82 என்ற டூயி வகுப்பெண்ணை (நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நூலகங்கள் இடும் எண்ணை) கொண்டு தேடினால், வேளாண்மைப் பிரிவில் வைக்கப்பட்ட பாசன நூல்கள் விடுபட்டுவிடுமா என்பதையும் நூலகத் துறையினர் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.