சார்ஜர் மாட்டினால் லேப்டாப் ஆமை: சார்ஜரை மாற்றுவதா, டிக்கை எடுப்பதா?

தூங்காக்கண்:
ஒரு வாரமா இந்தக் கூத்து. சார்ஜர் மாட்டினா லேப்டாப் தவழுது. மவுஸை நகர்த்தினா அம்பு யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. டாஸ்க் மேனேஜர்ல வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸ், அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. சார்ஜரைப் பிடுங்கின உடனே 3-ஐத் தாண்டிடுது. பேட்டரியும் 41 சதவீதத்துலயே நிக்குது. விண்டோஸை மறுபடி போட்டும் பார்த்தாச்சு. சார்ஜர்ல விளக்கு எரியுது, அப்ப அது நல்லாத்தானே இருக்கணும்?

வேகப்பிரியன்:
இது பிடி ப்ராக்ஹாட் (BD PROCHOT), பிராசசர் வேகத்தைக் குறைக்கச் சொல்ற சிக்னல். த்ராட்டில்ஸ்டாப்னு பிராசசர் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒரு மென்பொருள் இருக்கு, அதை இறக்கி, அந்தப் பேருக்கு நேரா இருக்கிற டிக்கை எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

தூசிதட்டி:
ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும். தெர்மல் பேஸ்ட் மாத்துங்க.

ஈயப்பற்று:
தூசின்னா சார்ஜரைக் கழட்டின நொடியே எப்படிங்க சரியாகும்? சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

வேகப்பிரியன், டிக்கை எடுக்கச் சொல்றீங்க, அது எதுக்கு இருக்குன்னு சொல்லலையே. பிராசசர் 100 டிகிரி பக்கம் போனா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அது ப்ராக்ஹாட். முன்னாடி இருக்கிற ‘பிடி’ன்னா இருவழி: மதர்போர்டுல இருக்கிற மத்த சுற்றுகளும் அதே கம்பியைப் பிடிச்சு ‘குறை’ன்னு சொல்லலாம். இங்க அப்படிச் சொல்றது சார்ஜர் பக்கம்.

விளக்கு எரியுதுன்னா மின்சாரம் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். உங்க பிளக்கைத் திருப்பிப் பாருங்க. வட்டமா இருந்து, நடுவுல மெல்லிசா ஒரு ஊசி இருக்கா? அதுல லேப்டாப்புக்கு வேண்டிய கரண்ட் போறதில்ல. சார்ஜருக்குள்ள இருக்கிற குட்டிச் சில்லு ‘நான் 65 வாட்’னு சொல்றதுக்கான வழி அது. 19.5 வோல்ட்டுல 3.34 ஆம்பியர் தர்றது 65 வாட், 4.62 தர்றது 90 வாட். பிளக் ஒரே மாதிரி இருந்தா லேப்டாப்புக்கு வேற எப்படித் தெரியும்? பதில் வரலைன்னா யாரோ எவரோன்னு நினைச்சு, பேட்டரிக்கு ஏத்துறதை நிறுத்திட்டு, பிராசசரையும் அடிமட்டத்துல உட்கார வச்சிடும். உங்க ரெண்டு அறிகுறியும் அதேதான்.

வேகப்பிரியன்:
சரி, சார்ஜர் சரியான வாட்தான், ஊசிக் கம்பி மட்டும் போச்சுன்னு வைங்க. டிக்கை எடுத்தா என்ன குடி முழுகிடும்? பிராசசரோட சொந்தச் சூட்டுக் காவல் அப்பவும் வேலை செய்யும். வெளியில இருந்து வர்ற கூச்சலை மட்டும்தான் அடைக்கிறோம். கோளாறு லேப்டாப்போட சாக்கெட்டுல இருந்தா நீங்க பத்து சார்ஜர் வாங்கினாலும் தீராது. எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ஈயப்பற்று:
சாக்கெட் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா டிக்கை எடுத்தா வேகம் வரும், சார்ஜ் ஏறாது. அது வேற முடிவு, அதை த்ராட்டில்ஸ்டாப் தொடாது. உங்க பேட்டரி எப்படி இருக்கு?

வேகப்பிரியன்:
கழட்டி வச்சுட்டேன்.

ஈயப்பற்று:
அதானே பார்த்தேன்! பிராசசர் திடீர்னு எகிறும்போது சார்ஜர் பத்தலைன்னா பேட்டரிதான் கைகொடுக்கும். உங்ககிட்ட அதுவும் இல்ல. மதர்போர்டுல பிராசசருக்கு மின்சாரம் பிரிச்சுக் கொடுக்கிற பகுதி கொதிச்சாலும் பல லேப்டாப்புல இதே கம்பியிலதான் சொல்லும். ஒரு காதை மூடுறதா நினைச்சு ரெண்டையும் மூடிட்டீங்க.

சிமுனை:
வட்டப் பிளக் இல்லாதவங்களுக்கு ஒண்ணு. என்னோடது டைப்-சி. 65 வாட் சார்ஜர், ஆனா 60 வாட்டுக்கு மேல வரலை. காரணம் கேபிள். 20 வோல்ட்டுல 3 ஆம்பியருக்கு மேல போகணும்னா உள்ளே அடையாளச் சில்லு இருக்கிற 5 ஆம்பியர் கேபிள் வேணும். சார்ஜரைத் திட்டித் தீர்த்துட்டு அப்புறம்தான் இது தெரிஞ்சது.

ஈயப்பற்று:
தூங்காக்கண், எதையும் வாங்காதீங்க. முதல்ல சார்ஜரைக் கழட்டி, லேப்டாப்பை அணைச்சு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடிங்க. சில நேரம் அதுலயே தெளிஞ்சிடும். இல்லைன்னா பயாஸ்ல (விண்டோஸ் கிளம்புறதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ் திரை) அடாப்டர்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. அதே வாட்ல இன்னொரு சார்ஜரை யார்கிட்டயாவது கேட்டு வாங்கி மாட்டுங்க. அதுல சரியானா சார்ஜர்தான் கோளாறு, இல்லைன்னா சாக்கெட்.

தூங்காக்கண்:
பவர் பட்டன் வித்தை பலிக்கலை. பயாஸ்ல ‘தெரியாத அடாப்டர்’னு காட்டுது. கூட வேலை பார்க்கிறவரோட சார்ஜரை மாட்டினேன், 65 வாட்னு வந்தது, வேகமும் வந்துடுச்சு, பேட்டரி 43. அப்புறம் என்னோடதை எடுத்துப் பார்த்தா பிளக்குக்குக் கீழே, கேபிள் வளையிற கழுத்துல, மேல்தோல் லேசா சுருங்கியிருக்கு. அந்த இடத்தை இடதுபக்கம் மடக்கிப் பிடிச்சுக்கிட்டே மாட்டினா 65 வாட். சும்மா மாட்டினா மறுபடி ‘தெரியாத அடாப்டர்’.

ஈயப்பற்று:
மூணு கம்பியில மெல்லிசு அதுதான், முதல்ல அறுகிறதும் அதுதான்.

வேகப்பிரியன்:
புதுசு வர்ற வரைக்காவது டிக்கை எடுத்து வேலையை ஓட்டட்டுமே?

ஈயப்பற்று:
65 வாட்னு தெரிஞ்சாச்சு, பேட்டரியும் உள்ளே இருக்கு. ரெண்டு நாளைக்கு ஓட்டட்டும். புதுசு வந்ததும் டிக்கைத் திரும்பப் போட மறக்கக்கூடாது.

தூங்காக்கண்:
கழுத்தை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுட்டேன். 65 வாட் காட்டுது!

ஈயப்பற்று:
ஐயோ, அதைக் கழட்டுங்க முதல்ல. அதே கழுத்துலதான் பாக்கி ரெண்டு கம்பியும் போகுது, ஒண்ணோட ஒண்ணு உரசினா சார்ஜரே போயிடும். இதுக்கு வேகப்பிரியன் சொன்ன டிக்கே தேவலை.

வேகப்பிரியன்:
இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன்.