மறுமொழி: ஜப்பானிய ‘மா’வுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்), மங்கா (ஜப்பானியப் படக்கதை) சொற்பட்டியலில் ‘மா’ என்ற சொல்லுக்கு, அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேண்டுமென்றே விடப்படும் நேரத்தையோ இடத்தையோ குறிக்கும் ஜப்பானியச் சொல்லுக்கு, எதிரே இதுவரை வெறுமை, மௌனம், இடைவெளி, கார்வை (கர்நாடக இசையில் ஒலிகளுக்கு நடுவே நிற்கும் நேரம்) என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் மூன்றும் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். நான்காவதைக் கைவிட எனக்கே மனமில்லை. இருந்தாலும் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீண்ட மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மா’ என்றே ஒலிபெயர்த்துவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழில் மா என்றால் மாமரம், மாவு, விலங்கு, பெரியது, இருபதில் ஒரு பங்கு. இவ்வளவையும் சுமக்கிற ஓரெழுத்தின் மேல் இன்னொரு பொருளையும் ஏற்றினால், “இந்தக் காட்சியில் மா அழகு” என்று எழுதும்போது வாசகர் தடுமாறுவார். அது வேண்டாம்.

வெறுமை எப்படி வந்தது என்று பார்த்தேன். 2002ல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், ஜப்பானிய அனிமே இயக்குநர் ஹயாவோ மியசாகியைச் சந்தித்தபோது, அவர் படங்களில் பாத்திரங்கள் கதைக்கு வேண்டாத ஒரு கணம் சும்மா உட்கார்ந்திருப்பதையும், ஓடும் நீரைப் பார்ப்பதையும் குறிப்பிட்டுப் பேசினார். மியசாகி, ஜப்பானிய மொழியில் அதற்கு ‘மா’ என்று பெயர் என்று சொல்லிவிட்டுக் கைகளைச் சில முறை தட்டிக் காட்டினார். தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான் மா என்றார். அந்த நேர்காணலின் ஆங்கில அச்சில் வெறுமை என்ற பொருள்தரும் சொல் இருந்தது. நாம் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழாக்கியிருக்கிறோம். அவர் தட்டிக் காட்டியதை அல்ல. இரண்டு கைதட்டலுக்கு நடுவே இருப்பதை யாராவது வெறுமை என்பார்களா? அடுத்த தட்டு எப்போது விழும் என்று காது காத்திருக்கிற நேரம் அது.

அதைவிடப் பெரிய சிக்கல், வெறுமை என்ற சொல் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. பௌத்தத்தின் சூன்யதையை ஜப்பானியர் ‘கூ’ என்பார்கள். இதய சூத்திரத்தின் “உருவே சூன்யம்” என்ற வரியில் வருவது அது. ஜென் மரபின் ‘மு’ இன்னொன்று. காமகுராவின் எங்காகுஜி கோயிலில் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஒசுவின் கல்லறை மேல் அந்த ஒரே எழுத்துதான் பொறித்திருக்கிறது. தமிழில் சூனியம் என்றாலே செய்வினைதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் கூவுக்கு வெறுமை, முவுக்கு இன்மை என்று வைத்துக்கொள்ளலாம். மாவுக்கும் அதே சொல்லைக் கொடுத்தால், ஜப்பானியர் கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் மூன்று கருத்துகளை நாம் ஒரே கூடையில் கொட்டியவர்கள் ஆவோம். மாவைச் சிதம்பர ரகசியத்தோடு ஒப்பிட்டு எழுதிய அக்காவுக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். அது ஆகாசம், அதன் தத்துவம் வேறு.

மௌனமும் சரிவராது. மியசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’யில் (2001) சிறுமி சிஹிரோ தண்ணீர்மேல் ஓடும் ரயிலில் போகும் காட்சியைப் பாருங்கள். நிழல் போன்ற பயணிகள் இறங்கிப்போகிறார்கள், வெளிச்சம் மங்குகிறது, முகமிலி என்ற ஆவி பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மாவுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் காட்சி முழுக்க இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியின் பியானோ ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அவருடைய ‘டொட்டோரோ’ படத்தின் (1988) பேருந்து நிறுத்தக் காட்சியிலும் மழைத்துளி குடையில் விழும் ஓசை கேட்கிறது. மங்காவிலோ அமைதியைக் குறிக்கவே “ஷீ…ன்” என்று ஓர் ஒலிச்சொல் இருக்கிறது. அதற்கு மௌனம் என்ற சொல்லை வைத்துக்கொள்வோம்.

இடைவெளி நல்ல சொல், ஆனால் அது எதையும் விரும்பிச் செய்ததாகச் சொல்வதில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி, தலைமுறை இடைவெளி எல்லாம் தானாக நேர்பவை. மாவில் ஒருவருடைய கை இருக்கிறது. 1963ல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சிக்கு வந்த காலத்திலிருந்தே, ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைக்க அசையாப் படங்களைப் பயன்படுத்துவது அனிமேயில் வழக்கம். அந்த அசையாமை எல்லாம் மா ஆகாது. ‘எவாஞ்சலியன்’ அனிமே தொடரின் 22ஆம் அத்தியாயத்தில் அஸுகா, ரெய் என்ற இரு பெண்களும் லிஃப்டில் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறார்கள். படம் ஒன்றுதான், செலவும் மிச்சம். ஆனாலும் அங்கே இருவருக்கும் நடுவில் இறுகும் காற்று பார்ப்பவரைத் தொடுகிறது. சிக்கனத்தையும் மாவையும் பிரித்துக் காட்டும் சொல் நமக்கு வேண்டும். தவிர, மங்காவில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பட்டைக்கு இடைவெளி என்ற சொல்லே போதும், அதை அங்கே விட்டுவிடலாம்.

இனி கார்வை. இதை முன்மொழிந்த நண்பர் மிருதங்கம் வாசிப்பவர் என்று நினைக்கிறேன். சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். தீர்மானத்தில் (தாள வாசிப்பின் முடிப்பில்) ததிங்கிணதொம் என்ற சொற்கட்டு மூன்று முறை வரும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரும் கார்வையில் கை நிற்கும், தாளம் நிற்காது. கேட்பவர் மனதில் அந்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மியசாகி கைதட்டிக் காட்டியது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் கார்வைக்கு அளவு உண்டு. ஒரு மாத்திரை தவறினாலும் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) வந்து விழாது. மாவை அப்படி எண்ண முடியாது. இன்னொன்று, கார்வை காலத்துக்கு மட்டும் உரியது. மா இடத்துக்கும் உரியது. ஜப்பானிய வீட்டில் ஓர் ஓவியமும் ஒரு பூவும் மட்டும் வைக்கும் மாடத்துக்குத் தொக்கோனோமா என்று பெயர், அதிலும் இதே மாதான். ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து மங்காவின் கடைசி ஆட்டத்தில் இனோவே தகெஹிகோ கிட்டத்தட்ட ஒரு சொல்லும் இல்லாமல் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறாரே, அங்கே சில நொடி நேரம் தாளில் இடமாக விரிகிறது. தனிகுச்சி ஜிரோவின், தெருத்தெருவாக நடக்கிற மனிதரைப் பற்றிய மங்காவும் அப்படித்தான். இவற்றைக் கார்வை என்றால் உருவகமாகப் புரியும், கலைச்சொல்லாக நிற்காது.

என் பரிந்துரை: விடுவெளி.

விடுகதை, சுடுகாடு போல இது வினைத்தொகை. விட்ட வெளி, விடுகிற வெளி, விடும் வெளி மூன்றும் அதில் உண்டு. விடுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதால் நோக்கம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. “ஒரு வரி இடம் விட்டு எழுது”, “கொஞ்ச நேரம் விட்டுச் சொல்” என்று இடத்துக்கும் காலத்துக்கும் விடு என்றே பேசுகிறோம்.

இந்தச் சொல் எனக்குத் தோன்றியது இசே கோயிலைப் பற்றிப் படித்தபோது. ஜப்பானின் பழைய சமயமான ஷிந்தோ மரபின் தலையாய அந்தக் கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013ல் முடிந்தது, அடுத்தது 2033. பழைய இடத்தில் அல்ல, பக்கத்து மனையில். ஒன்றில் கோயில் இருக்கும்போது மற்றது கூழாங்கல் பரப்பாகக் கிடக்கும். நடுவே ஒரு சிறிய குடில் மட்டும். அந்த மனையில் நேற்று கோயில் இருந்தது, நாளையும் இருக்கும். அதைக் காலிமனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முக்காலமும் ஒளிந்திருக்கிற வினைத்தொகைதான் பொருந்தும் என்று பட்டது. ஜப்பானின் மரபு நாடக வடிவமான நோவின் ஆசான் செஆமி 1424ல் எழுதிய ‘கக்யோ’வில், நடிகர் எதையும் செய்யாத இடமே சுவையானது என்ற கருத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் அவர் உள்ளம் தளராமல் இருப்பதே அதற்குக் காரணம் என்று விளக்குகிறார். விட்டிருக்கிறார், ஆனால் கைவிடவில்லை.

எழுதிப் பார்த்தேன்: “பேருந்து நிறுத்தக் காட்சியில் விடுவெளி நீள்கிறது.” “இந்தப் பக்கத்தின் விடுவெளி வலப்புறம் இருக்கிறது.” “தொலைக்காட்சிப் பதிப்பில் விடுவெளிகளை வெட்டிவிட்டார்கள்.” எனக்கு நெருடவில்லை. ‘விடுவெளி விட்டார்’ என்பது மட்டும் இடறுகிறது, அங்கே ‘அமைத்தார்’ போதும். மானுகே (மா தவறியவன், அதாவது மடையன்), மாச்சிகாய் (தவறு) போன்ற அன்றாட ஜப்பானியச் சொற்களுக்குள் இருக்கும் மாவுக்கு இது வேண்டாம். அவற்றை அந்தந்த இடத்துத் தமிழில் சொல்லிவிடலாம்.

இசை தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி: காலத்தை மட்டும் குறிக்கும் இடங்களில், குறிப்பாகப் பின்னணி இசை பற்றி எழுதும்போது, கார்வையைத் துணைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமா? ஞாயிறு வரை பார்ப்போம். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிட்டு அடுத்த மடலில் ‘மோனோ நோ அவாரே’வை (நிலையாமையை எண்ணி வரும் நெகிழ்ச்சி) எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.